கூசாத பல்

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டது. எடுத்தாலும் என் குரல் ஏறும், உங்கள் குரல் இறங்கும், இருவரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

புது கிளினிக் திறந்த அன்று நான் பேசியது தப்பு. விஷயம் தப்பில்லை, இடம் தப்பு. வந்தவர்கள் எல்லாம் உங்களை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அந்தப் புதுப் பசையின் டப்பாவைத் தூக்கிக் காட்டி, இனிமேல் பல் அடைத்தால் வலி என்பதே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, "ஆழமான குழியில அதை வைக்காதீங்க அண்ணி, உள்ள இருக்கிறது செத்துடும்" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்றே எனக்கு உறைத்தது. அண்ணன் என் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டதில் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற முடியவில்லை. ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பிடுங்கிய ஞானப்பல்லைப் பிளந்து, உள்ளே இருக்கும் சதையை எடுத்து, அதன் செல்களைத் தட்டில் வளர்க்கிறோம். அடைக்கும் பொருளைப் பக்கத்தில் வைத்து அவை என்ன ஆகின்றன என்று பார்க்கிறோம். இந்தப் பசையைக் கம்பெனி பசையாக அனுப்பவில்லை. நன்றாக இறுக வைத்து, கழுவி, காய்ந்த வில்லைகளாகத்தான் அனுப்பினார்கள். அதன் பக்கத்தில் செல்கள் நன்றாகவே இருந்தன. பாஸ் என்று எழுதி அனுப்பியாயிற்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பசையையே ஒரு குழாய் வாங்கி, அதன் விளம்பரத்தில் சொல்கிற மாதிரி ஒரே தடவையில் ஆழமாக நிரப்பி, நீல விளக்கை அவர்கள் சொல்கிற கொஞ்ச நேரம் மட்டும் காட்டினேன். மேலே கல்லாகிவிட்டது. திருப்பிப் போட்டு அடியில் நகத்தால் கீறினேன். நகத்தோடு வந்தது.

அதைச் செல்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தட்டின் தரையைப் பற்றிக்கொண்டு நீளநீளமாகக் கிடந்த செல்கள் எல்லாம் உருண்டையாகிப் பிடியை விட்டுவிட்டு மிதந்துகொண்டிருந்தன. தட்டை ஆட்டினால் தூசி மாதிரி நகர்ந்தன. அடியில் இறுகாமல் நின்ற பகுதியிலிருந்து ஏதோ கசிகிறது. பல்லிலும் அது கசியும். பல்லின் சுவர் நாம் நினைக்கிற மாதிரி கெட்டி இல்லை, நுண்ணிய குழாய்களால் ஆனது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

எல்லா அடைப்பும் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அடியில் ஒரு காப்புப் பூச்சு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக வைத்தால் இந்தப் பசை கூட ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். அந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பதுதானே இதன் விளம்பரமே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உங்கள் பாப்பா சிரித்தபோது முன்பல்லின் மூலையில் ஒரு சின்னக் கோடு தெரிந்தது. அதற்கு எதை வைத்தீர்கள்?

உங்கள்
நாத்தனார்


ஜூன் 17

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், போதுமா?

நீ மன்னிப்புக் கேட்கிற அழகே தனி. ஒரு வரி வருத்தம், ஒரு பக்கம் பாடம். நான் இந்த நாற்காலி பக்கத்தில் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டவள். நீ ஒருத்தர் வாயையாவது திறந்து பார்த்திருக்கிறாயா? நீ தட்டில் வளர்ப்பதற்கு வாய் கிடையாது. என்னிடம் வருகிறவர்களுக்கு வாய் இருக்கிறது. வலித்தால் சொல்வார்கள்.

முன்னாலெல்லாம் ஆழமாக அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்று சாயங்காலமே போன் வரும். தண்ணி பட்டால் சுர்ரென்கிறது, கடித்தால் விண்ணென்கிறது என்பார்கள். சமாதானம் சொல்லிச் சொல்லி எனக்குச் சாப்பாடு ஆறிப்போகும். இந்தப் பசை வந்த பிறகு ஒருத்தரும் போன் செய்யவில்லை. ஒருத்தர்கூட. நானே சந்தேகப்பட்டு இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பல் இருப்பதே தெரியவில்லை டாக்டர் என்றார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு டாக்டருக்கு?

பாப்பாவைப் பற்றிக் கேட்டாய். சைக்கிளிலிருந்து விழுந்து மேல் முன்பல்லின் மூலையை உடைத்துக்கொண்டு வந்தாள். உடைந்த இடத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக நிழல் தெரிந்தது. சதை அவ்வளவு பக்கம். உடனே அடைத்தேன். ஆமாம், அந்தப் பசையைத்தான் வைத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை, மறுநாளே ஐஸ்கிரீம் கேட்டாள். அவளுக்கு அம்மா நான். பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறார். சின்ன வயதில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் முதலில் தையல் பிரிந்த இடத்தைத்தான் காட்டுவாளாம் இந்த வாலு என்று சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் திட்டியதெல்லாம் சரி. தையல் பிரிந்த இடத்தைக் காட்டுவதும் உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒருத்தரும் போன் செய்யவில்லை என்ற வரி.

அதை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதற்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பல்லின் உட்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கிற செல்களை நினைத்துப் பாருங்கள். சீண்டினால் அவை உள்ளே இருக்கும் நரம்பை எழுப்பிவிடும். கூசும், வலிக்கும். ஆனால் உயிரோடு இருந்தால் கொஞ்ச நாளில் உள்பக்கமாகப் புதுச் சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டு பின்னால் ஒதுங்கிவிடும். அப்புறம் கூச்சம் தானாகப் போகும். உங்கள் பழைய ஆட்கள் சாயங்காலம் செய்த போன் அந்தச் செல்கள் உயிரோடு இருந்ததற்கு அடையாளம். ஆழமான குழியில் அடைத்தும் ஒன்றுமே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் அதிர்ஷ்டக்காரர். எல்லாருமே அப்படிச் சொன்னால்?

இங்கே எங்கள் பெரியவரிடம், அதாவது லேப் தலைவரிடம், என் தட்டுகளைக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கம்பெனி அனுப்பின வில்லையை மட்டும் பாரும்மா. நீயா ஒண்ணு செஞ்சு பாக்கிறதுக்கு இங்க இடமில்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பயந்துகொண்டு சொன்னார்.

அண்ணி, உங்களிடம் குளிர் ஸ்ப்ரே இருக்கும். ஒரு பஞ்சில் அடித்துப் பல்லின்மேல் வையுங்கள். உயிருள்ள பல் சுரீர் என்று காட்டிக்கொடுத்துவிடும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாப்பாவுக்கும் வேறு சிலருக்கும் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகக் கூசுகிறது, வாயை மூடு என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள். அந்த வரி கிடைத்தால் நேரில் வந்து உங்கள் காலில் விழுகிறேன்.

நாத்தனார்


ஜூலை 13

நாத்தனாருக்கு,

பஞ்சும் வைக்க மாட்டேன், ஸ்ப்ரேயும் அடிக்க மாட்டேன். ஒழுங்காக இருக்கிற பல்லை எதற்குச் சீண்ட வேண்டும்? ஆழமான சொத்தையில் சில பல் சாகத்தான் செய்யும், எதை வைத்தாலும் சாகும். விழுந்து அடிபட்ட பல்லும் அப்படித்தான். நாளைக்கு எது நடந்தாலும் பசையால்தான் என்று நீ சொல்வாய். அதற்கு நான் இடம் கொடுக்கப் போவதில்லை.

உனக்கு இன்னொரு விஷயமும் தெரியட்டும். இந்த ஊருக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் இந்தப் பசையின் ஏஜென்சியை உன் அண்ணன் எடுத்திருக்கிறார். வீட்டு ஃபிரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. தட்டுத்தட்டாக அந்தக் குழாய்கள்தான் குளிர்ந்துகொண்டிருக்கின்றன. பாப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் சாப்பிடுகிற மாதிரி எதுவுமே இல்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

போன வாரம் கம்பெனி ஆள் வந்திருந்தார். நல்ல மனிதர். கேக் வாங்கிக்கொண்டு வந்தார். பேச்சுவாக்கில் கிளினிக் திறந்த அன்று நடந்ததைப் பற்றி உன் அண்ணன் சொல்ல, அவர் சிரித்தார். பிறகு நீ எந்த லேபில் இருக்கிறாய் என்று விசாரித்தார். நான் சொன்னேன். என்ன பெயர், யாருக்குக் கீழே வேலை செய்கிறாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சொன்னதும் போனில் எதையோ குறித்துக்கொண்டார், கேக்கைத் தொடவில்லை. ஏனோ அது இன்னும் என் மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் என்னிடம் வருவார். பெரிய குரல், தெருமுனையில் பேசினால் உள்ளே கேட்கும். அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைத்திருந்தேன். நேற்று மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, தன் பல்லையும் காட்டினார். அந்தப் பல் மற்ற பற்களைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "அந்தப் பக்கம்தான் டாக்டர் நல்லா கடிச்சு சாப்பிடுறேன்" என்றார். போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே.

அண்ணி


ஜூலை 24

அண்ணிக்கு,

கம்பெனி ஆளிடம் என் பெயரைச் சொன்னதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. கேட்டால் யாராக இருந்தாலும் சொல்லியிருப்போம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பெரியவர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவருடைய அறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறிமுகப்படுத்தவில்லை. என்னை வேறு தளத்துக்கு மாற்றியிருப்பதாகவும், இனி மருந்து இருப்புச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை என்றும் பெரியவர் சொன்னார். நான் என் செல்களைப் பற்றிக் கேட்டேன். அவற்றை உறைய வைத்திருந்த குழாய்களை எல்லாம் குளிர்பெட்டி பழுது என்று சொல்லி வெளியே எடுத்து வைத்துவிட்டார்களாம். போய்ப் பார்த்தேன். கழுவுகிற தொட்டியில் உருகிக் கிடந்தன. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மற்றவர்களுடையது எல்லாம் பத்திரமாக இருந்தது.

அறையில் இருந்தவர் நான் வெளியே வரும்போது மட்டும் பேசினார். என் அண்ணன் நல்ல வியாபாரி என்றும், அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வாழ்த்துகிற மாதிரிதான் சொன்னார்.

அன்று மதியமே பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றேன். மணியை அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். கூட வந்த பெண் ஏதோ சொல்ல, வாசலில் நின்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்த முன்பல்லில் நிழல் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். அவள் இரண்டடி நகர்ந்து வெயிலுக்கு வந்தாள். நிழல் கூடவே வந்தது.

நான் மணியை அடிக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது அண்ணி. நாளைக்குக் காலையில் அவளை ஜன்னல் பக்கமாக நிற்க வைத்துப் பாருங்கள்.

வாலு


ஆகஸ்ட் 5

வாலுக்கு,

நிற்க வைத்துப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டாள், ஏன் என் வாயையே பார்க்கிறாய் என்று. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் அண்ணன் ஊரில் இல்லை.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கண்ணை மூடினால் வலிக்காது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பஞ்சில் ஸ்ப்ரேயை அடித்து முதலில் பக்கத்துப் பல்லில் வைத்தேன். துள்ளி என் கையைத் தட்டிவிட்டாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு பஞ்சு எடுத்து அந்தப் பல்லில் வைத்தேன். அழுத்திப் பிடித்தேன். பஞ்சில் பூத்திருந்த வெள்ளைப் பனி உருகி என் விரலில் இறங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "இன்னும் வைக்கலையாம்மா?"

வாலு, நான் எத்தனையோ பேருக்குப் பல் செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வைத்துவிட்டேன் கண்ணு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு நின்றேன்.

அவள் விழுந்தவள், அடியால் செத்திருக்கலாம் என்று அப்போதும் ஒரு பக்கம் வக்கீல் மாதிரி வாதாடிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து இலவசப் பரிசோதனை என்று சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். கூப்பிட்டதில் பாதிப் பேர்தான் வந்தார்கள். தையல் டீச்சர் ஒருவர். அவருக்குச் சொத்தையே இல்லை, பழைய அடைப்பு கழன்றுவிட்டது என்று மாற்றி வைத்ததுதான். அடிபடவில்லை, அழுகவில்லை. பஞ்சை வைத்தேன். சுவர்மேல் வைத்த மாதிரி இருந்தது. வந்தவர்களில் ஆழமாக அடைத்தவர்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட அதே கதை. ஒருத்தர் என்றால் தலையெழுத்து என்று சொல்லலாம்.

நீ சொன்ன அந்த வரியை எழுதிப்போட என்னால் முடியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 11

அண்ணி,

சுருக்கமாக எழுதுகிறேன், தபால் எடுக்க வந்துவிடுவார்கள்.

பாப்பாவின் பல்லைத் தள்ளிப் போடாதீர்கள். வேரைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பல்லைக் காப்பாற்றிவிடலாம், நான் சொல்லவே தேவையில்லை. நீங்களே செய்யாதீர்கள். அவளுக்கு அம்மா நீங்கள். உங்களோடு படித்த அந்த வேர் சிகிச்சைக்காரரிடம் காட்டுங்கள்.

பசையை இன்றோடு நிறுத்துங்கள். அண்ணன் என்ன சொன்னாலும்.

இன்னொன்று. வந்தவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் பஸ் டிரைவர் இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல், அதுவும் ஏற்கனவே மங்கிப்போனது. செத்த சதை சும்மா இருக்காது. மாதக்கணக்கில் அமைதியாகக் கிடந்துவிட்டு ஒருநாள் கீழே இறங்கும். அந்தப் பல்லுக்குக் கீழே இருப்பது கழுத்து. அவர் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள்.

நான் வரட்டுமா என்று கேட்க ஆசை. நீங்கள் கூப்பிடாமல் வரமாட்டேன்.

வாலு


ஆகஸ்ட் 23

வாலுக்கு,

போனேன். உன் கடிதம் கையில் இருக்கும்போதே கிளம்பினேன்.

வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னார், அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கழுத்து வீங்கி எச்சில் விழுங்க முடியாமல் போய்விட்டது, பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினாராம் என்று.

நான் போய்ச் சேர்ந்தபோது கழுத்தைக் கிழித்து மூச்சுவிடக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய குரல்காரர் சத்தமில்லாமல் படுத்திருந்தார். தாடைக்குக் கீழே தோல் பளபளவென்று இறுகிச் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவர் மனைவி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பல்லிலிருந்து வந்த சீழாக இருக்கும் என்று இங்குள்ள டாக்டர்கள் கேட்டார்களாம். அதற்கு இவர் எழுதிக் காட்டினாராம், என் பல்லை எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டார், அதில் வலியே கிடையாது, அதுவாக இருக்காது என்று. அதனால் தொண்டையையே பார்த்துக்கொண்டு ஒருநாள் முழுக்கப் போய்விட்டது.

நான் முதலில் வெளியே போய் அந்த டாக்டர்களிடம் எந்தப் பல் என்று சொன்னேன். பிறகு திரும்ப வந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பல்லுதாம்மா. நான் வெச்ச மருந்துதான் உள்ள கொன்னுடுச்சு. அன்னிக்கே நான் பாத்திருக்கணும், அனுப்பிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் என் பொண்ணுக்கும்கூட நீங்கதானே டாக்டர் அடைச்சீங்க?"

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், கிளினிக்கை மூடிவிட்டு உட்காரப் போகிறாயா என்றார். மற்ற டாக்டர்களுக்கு இவர் விற்ற குழாய்கள் எத்தனை வாயில் போயிருக்கும் என்று கேட்டேன். அவர் ஃபிரிட்ஜைத் திறந்து, அங்கேயே நின்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வேர் சிகிச்சை செய்தாயிற்று. மரத்துப்போக ஊசி போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. "பாத்தியாம்மா, ஊசி இல்லாமலே தாங்கிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னாள். சிவப்பாக ரத்தம் வர வேண்டிய இடத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ நூல் மாதிரி வந்தது. நாற்றம் எனக்கு வந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

அண்ணி


செப்டம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே அந்த ஆஸ்பத்திரிப் பகுதியைப் படித்துக் காட்டினேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, தன் பேத்திக்கும் போன மாதம்தான் பல் அடைத்தது, என்ன வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை என்றார். கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கையில் மிஞ்சியிருந்த தட்டுப் படங்களோடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு என் பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். வேலை போகும், போகட்டும். உங்கள் ஆட்களைப் பற்றி நீங்களும் எழுதினால்தான் அது நிற்கும். செத்தது தட்டில் மட்டும் என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எழுதச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வீட்டில்தான் நீங்கள் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

டிரைவர் எப்படி இருக்கிறார்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

வாலு


செப்டம்பர் 16

அன்புள்ள வாலுக்கு,

டிரைவர் பிழைத்துவிட்டார். அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். கழுத்திலிருந்த குழாயை எடுத்தாயிற்று, வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் மட்டும் இன்னும் சரியாகவில்லை, காற்றுப் போகிற மாதிரி பேசுகிறார். மனைவிக்கும் மகளுக்கும் பார்த்தேன். மகளுக்குத் தப்பித்துவிட்டது, குழி ஆழமில்லை. மனைவிக்கு இல்லை.

கவுன்சிலுக்கு எழுதிவிட்டேன். என் கையெழுத்தோடு. அங்கிருந்து இன்னும் சத்தமே இல்லை. கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

கிளினிக்கில் அடைப்பதை நிறுத்திவிட்டு, அடைத்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. போன் செய்தால், எனக்குத்தான் வலியே இல்லையே டாக்டர், எதற்கு வரவேண்டும் என்கிறார்கள். நேரில் போனால் நல்லபடியாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள். உள்ளே செத்திருக்கலாம் என்று சொன்னதும் முகம் மாறுகிறது. ஒருவர், புது மிஷின் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். தையல் டீச்சர் மட்டும் இன்னும் நான்கு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் இந்த ஊர்த் தெருக்களில் சிரித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்குப் போனால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, பல்லைப் பார்க்கிறேன்.

உன் அண்ணனுக்கும் ஒரு கடைவாய்ப் பல்லில் அதைத்தான் வைத்திருக்கிறேன். உனக்கு இதுவரை எழுதவில்லை. ஏஜென்சி எடுத்த புதிதில், தான் விற்கிற சரக்கைத் தானே போட்டுக்கொள்ளாவிட்டால் எப்படி என்று அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆழமான குழி. இத்தனை நாளும் அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கிளினிக்குக்கு வந்து ஒருதடவை உட்காருங்கள், பஞ்சு வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவர் எழுந்து போய், ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பாப்பா பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வாயில் போட்டு அந்தப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டார். நாக்கால் அதை அங்கேயே அழுத்திப் பிடித்தார். என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ், கூசுது. உசுரோட இருக்கு, போதுமா?" என்றார்.

பாப்பா சிரித்தாள். நானும் சரி என்றேன்.

வாலு, கூச்சம் எப்படி வரும் என்பதைத்தான் இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் உடம்பு துள்ளும், கண் அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பும். உன் அண்ணன் முதலில் என்னைப் பார்த்தார். பிறகுதான் சுளித்தார். கையை எடுத்த பிறகும் ஐஸைத் துப்பவில்லை. அது கரைகிற வரைக்கும் அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார், ஏதாவது தெரிகிறதா என்று காத்திருக்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜைக் காலி செய்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார். குழாய்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி ஓரமாக வைத்தார். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"அந்த வாலு எப்ப வரா?"

என்ன சொல்லட்டும்?

உன்
அண்ணி